மணலில் ஓடும் பழைய லேண்ட் குரூசரும் அதன் கியர்பாக்ஸ் சூடும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடாகிறது என்று யாராவது சொன்னால் உடனே கிடைக்கும் பதில் "பெரிய கூலர் ஒன்று போட்டுவிடுங்கள்" என்பதுதான். ஷார்ஜாவில் பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் அந்தக் கூலர் தேவைதான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டிய வேலை. முதலில் சூடு எவ்வளவு என்று நமக்குத் தெரிய வேண்டும், அடுத்து அந்தச் சூடு எங்கே பிறக்கிறது என்று பார்த்து அதைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் மிச்சச் சூட்டை வெளியேற்றும் பேச்சு. இந்த வரிசையை மாற்றிச் செய்து நல்ல கியர்பாக்ஸ்களை வீணாக்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த லேண்ட் குரூசர் 80. 4.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏ442எஃப் என்கிற நாலு கியர் ஆட்டோமேட்டிக். வார நாட்களில் ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் நடுவில் டிராஃபிக்கில் ஊர்கிறது, குளிர் மாதங்களில் ஃபாசில் ராக், லிவா என்று மணலுக்குப் போகிறது. உறுதியான கியர்பாக்ஸ் என்று பெயர் எடுத்தது. ஆனால் எவ்வளவு உறுதியான பெட்டியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆயில் வெந்துபோனால் கிளட்ச் பிளேட்டுகளும் ரப்பர் சீல்களும் தாங்காது. ஆயில் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்கு சொல்வார்கள். அதைத் துல்லியமான அறிவியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், போகும் திசை மட்டும் சரி.

இந்த வண்டியின் டேஷ்போர்டில் 'ஏ/டி ஆயில் டெம்ப்' என்று ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. அது எரியாத வரை எல்லாம் நலம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த விளக்கு சுமார் 150 டிகிரியில்தான் எரியும். 120 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அது வாயைத் திறக்காது, அதற்குள் ஆயில் கருகத் தொடங்கியிருக்கும். அதனால் நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது, ஒரு டெம்பரேச்சர் கேஜ் வாங்குங்கள் என்பதுதான். கூலரை விடக் குறைந்த செலவு, அதைவிட அதிகப் பயன்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கியர்பாக்ஸின் அடித்தட்டில், அதாவது பேனில் வைத்தால் மொத்த ஆயிலின் சராசரிச் சூடு தெரியும், அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கூலருக்குப் போகும் பைப்பில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு வைத்தால், எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஆயிலின் சூடு தெரியும், மணலில் ஒரு மேடு ஏறுவதற்குள் 30, 40 டிகிரி தாவிவிடும். இரண்டும் வேறு வேறு எண்கள். ஒருவர் "எனக்கு 95 தான் வருகிறது" என்றும் இன்னொருவர் "எனக்கு 135 வருகிறது" என்றும் சண்டை போட்டுக்கொள்வதற்குப் பாதி நேரம் இதுவே காரணம். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் பேனில் வையுங்கள், கியர்பாக்ஸின் உடம்புச் சூடு அதுதான். என் வண்டியில் கோடையில் ஏசி போட்டு ஹைவேயில் போகும்போது பேனில் 85 முதல் 90 வரை நிற்கும். மணலில் 105 சாதாரணம். 110 தாண்டினால் ஓட்டும் விதத்தை மாற்றுவேன், 120 வந்தால் நிறுத்திவிடுவேன்.

இனி சூடு எங்கே பிறக்கிறது என்பதற்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தானாக விளங்கும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டரில் பெரும்பாலான நேரம் இரும்போடு இரும்பு பிணைந்திருப்பதில்லை. ஒரு பக்கம் எஞ்சின் ஆயிலைச் சுழற்றி அடிக்கிறது, மறுபக்கம் அந்த ஆயிலின் வேகத்தில் இன்னொரு சக்கரம் சுழல்கிறது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுழன்றால் சூடு குறைவு. எஞ்சின் வேகமாகச் சுழன்று வண்டி நகராமல் நின்றால், எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கும். சக்கரம் மணலில் பாதி புதைந்திருக்கும்போது ஆக்சிலரேட்டரைப் பாதிவரை மிதித்துப் பிடித்தால் சுமார் 50 கிலோவாட் ஆயிலுக்குள் போகலாம். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் இருபத்தைந்தைச் சில லிட்டர் ஆயிலுக்குள் வைத்து ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. இப்படி வண்டியைப் பிடித்து நிறுத்தி எஞ்சினை முறுக்கும் சோதனையைக்கூட 5 வினாடிக்கு மேல் செய்யாதே என்றுதான் டொயோட்டாவின் ஒர்க்‌ஷாப் மேனுவல் சொல்கிறது. மணலில் சிக்கியவர்கள் அதையே அரை நிமிடம் செய்கிறார்கள். இந்தச் சூட்டை எந்தக் கூலரும் உடனே வெளியேற்றாது.

ஆகவே மணலில் கியர்பாக்ஸைக் குளிர்ச்சியாக வைக்கும் முதல் கருவி டயர் வால்வுதான். காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் நீண்டு படுக்கும், மணலுக்குள் இறங்காது, வண்டி அதே மேட்டைக் குறைந்த சக்தியில் ஏறும். ரொம்ப மென்மையான மணலில் 12 வரை இறக்குவேன், அப்போது திருப்பங்களில் நிதானம் வேண்டும், இல்லையென்றால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். 25 பிஎஸ்ஐயில் திணறி 118 காட்டிக்கொண்டிருந்த ஒரு நண்பரின் பிராடோ, காற்றை 14-க்கு இறக்கிய பிறகு அதே இடத்தில் 103-க்கு வந்து நின்றதைக் கேஜில் பார்த்திருக்கிறேன். ஒரு காசு செலவில்லை.

இரண்டாவது, லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் நிலை. இங்கே மணல் ஓட்டுகிறவர்களில் பலர் ஹை ரேஞ்சிலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள், லோ ரேஞ்ச் என்றால் பாறைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். லேண்ட் குரூசர் 80-இல் லோ ரேஞ்ச் விகிதம் சுமார் 2.5. சக்கரத்துக்கு அதே இழுவையைக் கொடுக்க டார்க் கன்வர்ட்டர் சுமக்க வேண்டிய பாரம் பாதிக்கும் கீழே போய்விடும், உள்ளே வழுக்கல் குறையும், சூடும் குறையும். வேகம் போதாது என்று சொல்வார்கள். மூன்றாவது கியரில் 4,000 ஆர்பிஎம்மில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேலேயே வரும், ஃபாசில் ராக் பக்கத்து மேடுகளுக்கு அது தாராளம். லிவாவின் பெரிய மேடுகளில் நீண்ட ஓட்டம் எடுத்து ஏற வேண்டிய இடங்களில் ஹை ரேஞ்ச் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஏற முடியவில்லை என்றால் பாதி மேட்டில் மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள், உடனே ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே இறங்குங்கள்.

சிக்கிக்கொண்டால் 'டி', 'ஆர்' என்று மாற்றி மாற்றி வண்டியை ஆட்டுவது இங்கே வழக்கம். கியர்பாக்ஸுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை, சூடும் ஏறும், கிளட்ச் பிளேட்டுகளும் ஒவ்வொரு மாற்றத்திலும் தேயும். இறங்கி மணலைத் தள்ளி, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, டயருக்கு அடியில் ரெக்கவரி டிராக் பலகை வைத்து ஒரே முயற்சியில் வெளியே வாருங்கள்.

சரி, இதையெல்லாம் செய்தும் அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால்? என் வண்டியில் எரிந்திருக்கிறது, செப்டம்பர் மாதக் காற்றில்லாத ஒரு பிற்பகலில், வேறொரு வண்டியை இழுத்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது. கூட வந்தவர்கள் அத்தனை பேரும் "எஞ்சினை அணை, அணை" என்று கத்தினார்கள். அணைக்கக் கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலைச் சுற்ற விடும் பம்ப் எஞ்சினால்தான் சுழல்கிறது. எஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும், வெந்த ஆயில் கன்வர்ட்டருக்குள்ளேயே கிடந்து சீல்களைச் சுட்டுக்கொண்டிருக்கும். கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, 'பி'யில் போட்டு, எஞ்சினை ஓட விட்டு விளக்கு அணையும் வரை காத்திருக்கச் சொல்வது வண்டியோடு வரும் கையேடுதான். நான் கூடுதலாகச் செய்வது, முகப்பைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துவது, ஏசியை அணைப்பது, பானெட்டைத் திறப்பது, ஆர்பிஎம்மை 1,500 அளவுக்குக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பது. உயர்த்தினால் ஃபேனும் பம்பும் இரண்டுமே வேகம் எடுக்கும்.

கிராண்ட் செரோக்கி மாதிரி பழைய ஜீப்களில் வரும் 42ஆர்இ போன்ற கிரைஸ்லர் கியர்பாக்ஸ் இருந்தால் 'பி'யில் வைக்காமல் 'என்'இல் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். அந்தக் குடும்பத்தில் 'பி'யில் இருக்கும்போது கூலருக்கு ஆயில் போகாது. ஆயில் அளவு பார்ப்பதும் அதில் 'என்'இல்தான்.

இனி நல்ல ரோட்டிலேயே சூடாகிறது என்று வருபவர்களுக்கு. இதில் கூலரைத் தேடுவதற்கு முன்னால் லாக்-அப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். டாப் கியரில் சீரான வேகத்தில் போகும்போது கன்வர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் ஒரு கிளட்ச் பூட்டிவிடும், அப்போது வழுக்கலே இருக்காது. 100-இல் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலை லேசாக, பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள், பின்னால் யாரும் இல்லாத இடத்தில். ஆர்பிஎம் இருநூறு முந்நூறு துள்ளினால் லாக்-அப் நன்றாக இருக்கிறது, பிரேக் தொட்டதும் விடுபட்டிருக்கிறது. துள்ளவில்லை என்றால் அது பூட்டவே இல்லை. காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். பிரேக் லைட் ஸ்விட்ச் சரியாக இல்லாமல், வண்டியின் கம்ப்யூட்டர் நாம் பிரேக் மிதித்துக்கொண்டே போகிறோம் என்று நினைக்கலாம். அல்லது எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுபோய், எஞ்சின் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் லாக்-அப்பைத் தடுக்கலாம். எஞ்சின் போதிய சூட்டுக்கு வராததால் கியர்பாக்ஸ் சூடாவது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நடக்கிறது.

இன்னொன்று த்ராட்டில் கேபிள். ஏ442எஃப் மாதிரியான பழைய டொயோட்டா பெட்டிகளில் எஞ்சின் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது, உள்ளே ஆயில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. முப்பது வருடத்தில் அது தளர்ந்துபோகும். தளர்ந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் பிளேட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கல் என்றால் சூடு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில் கேபிள் உறையின் முனைக்கும் கேபிளில் இருக்கும் சின்ன ஸ்டாப்பருக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பேனர், பத்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்யலாம் என்று சொல்லும் கராஜ் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இதற்குப் பிறகு ரேடியேட்டர். பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டரின் குளிர்ந்த பக்கத்து டாங்குக்குள் இருக்கும் ஒரு சின்னக் கூலர் வழியாகப் போய் வருகிறது. ரேடியேட்டர் அழுக்காக இருந்தால் எஞ்சின் தாங்கிக்கொள்ளும், கியர்பாக்ஸ் தாங்காது. நம் பாலைவனத்தில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மணலும் புல்லும் பூச்சியும் சேர்ந்து படுத்துக் கிடக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. சீசன் முடிந்ததும் கண்டென்சரைக் கொஞ்சம் விலக்கி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சாதாரணத் தண்ணீர்க் குழாயால் அடிக்க வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின்கள் என்னும் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். ஃபேன் கிளட்சையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சிலிகான் ஆயில் வருடக்கணக்கில் கசிந்துபோய் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றும். மணலில் ஊரும்போது வண்டி வேகத்தால் வரும் காற்று கிடையாது, அந்த ஃபேன் இழுப்பது மட்டும்தான் காற்று. சிலிகான் ஆயில் தனியாக விற்கிறது, திறந்து நிரப்பலாம்.

ரேடியேட்டர் ரொம்பப் பழையதாக இருந்தால் ஒரு பயம் உண்டு, உள்ளே இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட்டும் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்துவிடும். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டரில் இது பரவலாக நடந்து அமெரிக்காவில் வழக்கு வரை போனது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஸ்ட்ராபெர்ரி பால் மாதிரி இருக்கும். கூலன்ட் பட்ட கிளட்ச் பிளேட்டுகளின் பசை விட்டுப்போகும், அதற்குப் பிறகு ஆயில் மாற்றி மட்டும் பிழைக்க வைப்பது கடினம். அதனால் சிலர் ரேடியேட்டர் கூலரையே முழுக்கத் தவிர்த்து, வெளியே வைக்கும் கூலருக்கு மட்டும் ஆயிலை விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெதுவாக ஊரும்போது தண்ணீர் ஆயிலிடமிருந்து சூட்டைப் பிடுங்கும் வேகம் காற்றுக்கு வராது, அதுவும் 46 டிகிரிக் காற்றுக்கு. புது ரேடியேட்டர் ஒன்று போட்டுவிட்டு, ஆயிலை முதலில் ரேடியேட்டர் வழியாகவும் பிறகு வெளிக் கூலர் வழியாகவும் விட்டுத் திருப்புங்கள். கனடா, நார்வே மாதிரி குளிர் நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் வெளிக் கூலரில் தெர்மோஸ்டாட் வால்வும் சேர்த்துப் போட வேண்டும், ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் தொல்லைதான்.

இப்போது கூலர். குழாயும் ஃபின்னுமாக இருக்கும் பழைய வகையைவிடத் தட்டுகளை அடுக்கிய வகை அதே அளவில் அதிகச் சூட்டை எடுக்கும். அதற்கென்று தனி 12 வோல்ட் ஃபேன் இருந்தால்தான் மணலில் உருப்படியான பயன். வாங்கும் கூலரைவிடப் பொருத்தும் விதம்தான் முக்கியம் என்பது என் கருத்து. நான் இந்த வண்டியை வாங்கியபோதே ஒரு கூலர் இருந்தது, ஏதோ ஒரு கராஜில் போட்டது. ரேடியேட்டரின் ஃபின்களுக்குள்ளேயே பிளாஸ்டிக் பின்களைக் குத்தி மாட்டியிருந்தார்கள், அதிர்வில் அந்தப் பின்கள் ரேடியேட்டர் குழாயை அறுக்கத் தொடங்கியிருந்தன. ஹோஸ் பெட்ரோலுக்கு விற்கும் ஹோஸ், சூட்டில் கல்லாக இறுகிப்போயிருந்தது. இரும்புப் பைப்பை வெட்டி முனையை அப்படியே விட்டு, அதன்மேல் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட்டிருந்தார்கள். அந்த ஹோஸ் ஓடும்போது கழன்றால் சில நிமிடத்தில் ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டி கியர்பாக்ஸ் முடிந்துபோகும், கூலரே இல்லாமல் ஓட்டியிருந்தால் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

ஆகவே இரும்புப் பட்டை அடித்து வண்டியின் ஃபிரேமில் கூலரை மாட்டச் சொல்லுங்கள். எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட, கியர்பாக்ஸ் கூலருக்கென்றே செய்த ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். இரும்புப் பைப் முனையில் கருவி வைத்து ஒரு சின்ன மேடு எழுப்பச் சொல்லுங்கள், அதற்குப் பின்னால் கிளாம்ப் விழ வேண்டும். ஹோஸ் ஃபேன் பெல்ட்டையோ கூர்மையான இரும்பையோ தொடாமல் போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். வேலை முடிந்ததும் ஆயில் அளவு குறைந்திருக்கும், கூலருக்குள் போயிருக்கும், சரிபார்த்து ஊற்ற வேண்டும்.

ஆயில் அளவைச் சூடாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் 70 முதல் 80 டிகிரியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து 'பி'க்கு வந்த பிறகு, டிப்ஸ்டிக்கில் 'ஹாட்' என்ற பகுதிக்குள். கேஜ் இருந்தால் இந்த 70, 80 எப்போது வந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதிகமாக ஊற்றுவதும் தப்பு, சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக அடித்துவிடும், நுரைக்கு அழுத்தமும் கிடையாது, சூட்டை எடுக்கும் திறனும் கிடையாது.

எந்த ஆயில் என்று கேட்பார்கள். இந்தப் பெட்டிக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை. டெக்ஸ்ரான் 3-க்கு ஜெனரல் மோட்டார்ஸ் 2006-உடன் உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டது, இன்று டப்பாவில் அப்படி எழுதியிருப்பது அந்தந்தக் கம்பெனியின் வாக்குதான். பெயர் தெரிந்த கம்பெனியின் சிந்தெடிக்காகப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான். மணலுக்கு அடிக்கடி போகும் வண்டிக்குச் சீசனுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அடியில் இருக்கும் நட்டைத் திறந்தால் ஒரு பகுதிதான் வெளியே வரும், மீதி கன்வர்ட்டரில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்த டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்போ இளம் பழுப்போ பரவலாம். கறுப்பாக, நடுவில் பொடியோடு நின்று, கருகிய வாடை வந்தால் அது ஏற்கெனவே வெந்த பெட்டி. பிறகு வண்டியை எடுத்து மலை ஏறுங்கள், அல் ஐன் பக்கம் இருந்தால் ஜெபல் ஹஃபீத் போதும், ஏசி போட்டு நிதானமாக மேலே வரை. சூடான பிறகு கியர் மாறும்போது எஞ்சின் வெறுமனே உறுமி அப்புறம் பிடித்தாலோ, நிறுத்தி 'ஆர்' போட்டதும் இரண்டு வினாடி யோசித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாலோ, "புது ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொல்வதைக் கேட்காமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.